பின்ஜன்னல் கொண்டி

இருதயசாமி அந்தப் பழைய கேம்பர் வேனை வாங்கியது ஊர் சுற்றத்தான். விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அதை ஓட்டி வந்து, தலைநகரின் துவாரகா பகுதியில் குடியிருந்த ஃபிளாட்டுக்குக் கீழே நிறுத்தினார். உள்ளே படுக்கை, குட்டி அடுப்பு, பூப்போட்ட திரை.

"இனிமே நம்ம வீடே நாலு சக்கரத்துல!" என்றார், நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அமலியிடம்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அங்கேயும் பாத்திரம் நான்தான் தேய்க்கணுமா?"

முதல் பயணம் ஆக்ரா. திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியில் பின்ஜன்னலின் கொண்டி தெறித்து, வீடு வரும்வரை ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது. இருதயசாமியின் நெஞ்சும்தான். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது. பயம் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நவம்பரில், மீரட்டைத் தாண்டி இருக்கும் சர்தனா மாதா கோயில் திருவிழா வந்தது.

"இந்த வருஷம் பஸ் வேண்டாம். வேன்லயே போய், அங்கேயே படுத்துட்டு, காலையில பூசை பாத்துட்டு வரலாம்," என்றாள் அமலி.

"ஜன்னல் ரிப்பேரு."

"ரிப்பேர் பண்ணுங்க."

சாவ்ரி பஜாரில் கடை கடையாக ஏறி, பழசைப் போலவே ஒரு பித்தளைக் கொண்டி வாங்கினார். துருப்பிடித்த கீலைத் தேய்த்து எண்ணெய் விட்டார். வெடித்திருந்த ரப்பரை உரித்துப் புதுசு ஒட்டினார். ஓட்டை பெரிதாகிப்போன இடத்தில் பசை தடவிய மரக்குச்சியைச் செருகி ஸ்க்ரூவை முறுக்கினார். ஜன்னல் 'க்ளிக்' என்று மூடியது. வாழ்நாளில் அவர் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. திறந்து திறந்து மூடி ரசித்தார். அப்புறம்தான் உறைத்தது: ஜன்னல் சரியாகிவிட்டால் வண்டியை ஓட்டியாக வேண்டும்.

கொண்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கிடைக்கலை. 'அந்த மாடலே வர்றதில்லை, பையா'ங்கிறான் கடைக்காரன்."

"அச்சா," என்றாள் அமலி.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை, கையில் தூக்குச்சட்டியும் போர்வையுமாக அமலி கீழே இறங்கினாள்.

"ஏறுங்க, ஜல்தி."

"ஜன்னல் அடிக்குமே?"

"பின்னால உக்காந்து கையால பிடிச்சுக்கிடுங்க."

"நான் பிடிச்சா யாரு ஓட்டுறது?"

அமலி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"டியூட்டி முடிஞ்சு டிரைவிங் ஸ்கூல் போனேன். லைசென்ஸே வந்தாச்சு. ஆக்ரா போய் வந்ததுல இருந்து தூக்கத்துல 'லாரி, லாரி'ன்னு பிரேக் போடுறீங்க. பிரேக் எங்க? என் முழங்கால்ல! எத்தனை நாள்தான் தாங்குறது?"

அவர் பின்னால் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். காஜியாபாத் தாண்டுவதற்குள் வலது கை மரத்துப்போனது. மோடிநகரில் இடது கை. முன்னால் அமலி, வார்டில் கட்டில்களுக்கு நடுவே நடப்பதுபோல லாரிகளுக்கு நடுவே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள். கொண்டியை எடுத்து மாட்டினால் மானம் போகும். மாட்டாவிட்டால் கை போகும். அவர் மானத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்.

மீரட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வேன் நின்றது.

"கை வலிக்குதா?"

"சேச்சே."

"வலிச்சா பையில இருக்கறதை எடுத்து மாட்டிடுங்க. சட்டையைத் துவைக்கும்போது எடுத்தேன். இஸ்திரி போட்டுத் திரும்ப வச்சிட்டேன்."

இருதயசாமி தலை நிமிராமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். 'க்ளிக்.' அமலி ஜன்னலைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள். குரல் இளகியிருந்தது. "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதா? இவ்வளவு தூரம் லாரி பாத்தாச்சுல்ல, இனி தெளிஞ்சிருக்கும். மீதியை நீங்க ஓட்டுங்க." சாவியை நீட்டினாள்.

அவர் சாவியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அமலி, இதுல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு போல..."

"எது லூசுன்னு எனக்குத் தெரியும். பின்னால ஏறுங்க."