பம்ப் பார்ட்டாக வந்த செம்பு

இனி வீட்டுக்குள் ஒரு கல் வரக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, மனசு அசையவில்லை.

கல் என்று அவள் சொல்வது என் செம்புச் சேகரிப்பை. பழைய சுரங்கங்களில், யாரும் உருக்காமலே, பாறைக்குள் தானாகச் செம்பாகவே விளைந்து கிடக்கும் துண்டுகள். முதல் துண்டு வந்த அன்று, செம்பு வாங்கியிருக்கிறேன் என்று ஆசையாகச் சொன்னேன். "தண்ணி மொள்ள முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றதும் அவளுக்கு அதில் அக்கறை போய்விட்டது.

இந்த முறை வந்தது லேசுப்பட்டது இல்லை. எப்போதோ மூடிப்போன ஒரு சுரங்கத்துச் செம்பு. குட்டி மரம்போல் கிளை கிளையாக விரிந்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. அட்டைப்பெட்டியில் போட்டு, தண்ணீர் பம்புக்கான பார்ட் என்று சொல்லி ஸ்டோர் ரூமில் வைத்தேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் பெட்டி காலி. பம்ப் மக்கர் பண்ணியதாம், பிளம்பர் வந்தாராம், பார்ட்டை எடுத்துக் கொடுத்தாளாம்.

"இது பார்ட்டே இல்ல, வெறும் செம்புன்னாரு. உருக்கப் போடறேன்னு கொண்டு போயிட்டாரு," என்றாள், வெங்காயம் நறுக்கியபடி.

செம்புக்கு முன்னால் நான் உருகிவிட்டேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். பிளம்பர் தன் கடையில் குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். அது எந்தச் சுரங்கத்துச் செம்பு, வீட்டில் என்ன பொய் சொன்னேன், இதற்குமுன் என்னென்ன சொல்லி எதையெதை எங்கே ஒளித்தேன் என்று மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓய்ந்ததும் நிமிர்ந்தார்.

"அம்மா என்கிட்ட எதையும் குடுக்கல சார். நீங்க வருவீங்க, நீங்க சொல்றதை நான் குறுக்க பேசாம கேட்டுக்கணும்னு போன்ல சொன்னாங்க."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. செம்பு உருகவில்லை, அது போதும்.

வீட்டில் ஹால் அலமாரியின் நடுத்தட்டில் அது ஜம்மென்று நின்றது. பச்சையைக்கூடத் துடைக்கவில்லை, புண்ணியவதி.

"அழகாத்தான் இருக்கு. சொல்லிட்டே வாங்கியிருக்கலாம்ல? இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"சாயாதீங்க, ஏணி போட்டு வெச்சிருக்கேன். பரண்ல பழைய ஃபேனுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு இருக்காமே, இப்பதான் பிளம்பர் போன் பண்ணாரு."