ஏழு நாளுக்கொரு முறை செத்த கழிமுகம்

எனக்கு மீனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. திருநெல்வேலியில் சுத்த சைவ வீட்டில் பிறந்து, மீன் கடை வந்தால் தெருவையே மாற்றி நடந்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான்தான், தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் கழிமுகத்துக்கு மனிதர்களால் என்னென்ன கேடு என்று கணினியில் மாதிரி செய்து முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பினேன். (கொழுப்புக்கு ஓர் அளவு வேண்டாமா?)

மாதிரி என்றால் வேறொன்றுமில்லை. ஆற்றில் எவ்வளவு நல்ல தண்ணீர் வருகிறது, எவ்வளவு சாக்கடை கலக்கிறது, உப்பு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு மீன் படுகிறது என்று எண்களைப் போட்டால், இனி என்ன ஆகும் என்று கோடு போட்டுக் காட்டும். மீன் விவரம் தந்தவர் மிக்கேல் அண்ணன், கழிமுகத்தில் வலை போடுகிறவர். ஓராண்டு முழுக்க, கரைக்கு வந்த கையோடு, தேதி போட்டு எடை எழுதினார். கோடையில் கடைசி அணையைத் தாண்டியும் தண்ணீர் விட வேண்டும், சாக்கடையை நிறுத்த வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்து ஓய்ந்திருந்தார்கள். "நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் சொன்னா கேப்பாங்கள்லா சார்" என்றார் அண்ணன்.

நோட்டில் சில தேதிகளுக்கு நேராக ஒன்றும் எழுதியிருக்காது. மீன் படவில்லை போலும் என்று அங்கெல்லாம் நான் சுழியம் போட்டேன். மாதிரியை ஓட்டியதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏழு நாளுக்கொரு முறை மீன் மொத்தமாக இல்லாமல் போகிறது, மறுநாள் வந்துவிடுகிறது! மேலே எவனோ வாரந்தோறும் ஆற்றில் விஷத்தைத் திறந்துவிடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதிகாரிகள் வந்த கூட்டத்தில், ஊரே உட்கார்ந்திருக்க, திரையில் கோட்டைக் காட்டி அரைமணி நேரம் முழங்கினேன். "இந்தக் கழிமுகம் வாரத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறது" என்று சொல்லிக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தவும் செய்தேன். தட்டல் வரவில்லை. மிக்கேல் அண்ணன்தான் பைய எழுந்தார்.

"சார், அது ஞாயித்துக்கெழம. நாங்க பூசைக்குப் போவோம். தொழிலுக்குப் போவ மாட்டோம்."

மண்டபமே சிரித்தது. பெரிய அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுக் கோப்பை மூடினார். "மொதல்ல காலண்டரப் பாரும் வே" என்று என் தோளில் தட்டிவிட்டு வண்டி ஏறினார். ஊராரின் மனுவும் அந்தக் கோப்புக்குள்தான் இருந்தது. மிக்கேல் அண்ணன் நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது தேவலை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாமே சார்" என்றதோடு சரி. கூனிக் குறுகிப் போனேன்.

ஞாயிறுகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். பள்ளமும் இல்லை, விஷமும் இல்லை. கோடு அது பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. மீன் குறைந்துகொண்டே வருகிறது என்பதைத்தான் அந்த ஜனங்கள் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருத்திய அறிக்கையை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'ஞாயித்துக்கிழமை சார்' வந்திருக்கிறார் என்று உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார்கள். அறிக்கையை ஒருவரும் திறக்கவில்லை. எனக்குப் பட்டம் மட்டும் ஒழுங்காகக் கிடைத்தது.

வீட்டில் இந்தக் கதை இன்றும் ஓடுகிறது. ஞாயிறு காலையில் நான் எழ நேரமானால், "அப்பா செத்துட்டாங்க. திங்கக்கெழம பொழச்சிருவாங்க" என்பாள் மகள். என்ன பேச்சு இது என்று மனைவி அவளை அதட்டுவாள், சிரித்துக்கொண்டேதான். நானும் சிரிப்பேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மிக்கேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். வீட்டில்தான் இருந்தார். தொழிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"போயி என்ன சார் செய்ய. இப்ப எல்லா நாளும் ஞாயித்துக்கெழமதான்" என்றார்.

இதை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.