சேறு பூசிய புதுச் சைக்கிள்

சக்கரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னால் மூச்சு விடாமல் எழுதுவேன். அதன்மேல் ஏறி நாலு அடி போகத் தெரியாது. இப்படிப்பட்டவன்தான் என் மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போனேன்.

செங்கமலத்துக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் பண்டசோழநல்லூரில் இருந்த வகுப்பையெல்லாம் முடித்துவிட்டாள். மேலே படிக்க மதகடிப்பட்டுக்குப் போகவேண்டும். எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் என் அண்ணன். "பொட்டப்புள்ள அவ்ளோ தூரம் நடந்து போவக் கூடாது. திங்கக்கெழமக்குள்ள சைக்கிள் வந்தா போவட்டும். இல்லாட்டி வூட்டோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமை.

அவளையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சின்ன வண்டியை எடுத்து வைத்தார். செங்கமலம் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் படிந்தன.

"இது போதும்பா. கால் எட்டுது."

என் கண்ணோ மூலையில் நின்ற பெரிய வண்டிமேல். மழையில் நனைந்த எருமைக்கன்று போலக் கறுத்து மினுங்கியது. கம்பிகளுக்குள் வெயில் சுழன்றது. (வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. எழுதுகிறவன் கண்ணுக்கு எல்லாம் சுழலும்.)

"வளர்ற புள்ள. ரெண்டு வருசத்துல சின்னது ஒனக்குப் பொம்மையாயிடும்" என்றேன். பாவாடையைக்கூட இரண்டு மடிப்பு உள்ளே விட்டுத் தைக்கிற ஜனம் நாங்கள். சைக்கிளை மடித்துத் தைக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

"கொழந்தைக்குக் கால் எட்டாதுங்களே" என்றார் கடைக்காரர்.

"எட்டும்" என்றேன், காலம் என் கையில் இருப்பதுபோல. கையிலிருந்த பணமெல்லாம் போயிற்று.

வில்லியனூருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இங்கிலீஷ்காரன் நிலம் ஒரு துண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் பிரெஞ்சு ராஜ்ஜியம். நடுவில் மட்டும் வேறு சுங்கச் சாவடி. புதுச் சாமானுக்கு அங்கே வரி, சொந்தமாகப் புழங்கிய பழசுக்கு இல்லை. அதனால் புது வேட்டியைக் கசக்கிக் கட்டிக்கொண்டும், புதுப் பாத்திரத்தில் கரி பூசியும் கடப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் வாய்க்கால் ஓரம் வண்டியைச் சாய்த்து, சேற்றை அள்ளி அள்ளிப் பூசினேன்.

"வாணாம்பா" என்றாள் செங்கமலம்.

"நீ சும்மா இரு. அப்பாவுக்குத் தெரியும்."

சாவடி அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். "யாருதுய்யா இது?"

"என்னோடதுங்க. ஆறு வருசமா ஓட்டுறேன்."

"சேறு இன்னும் ஈரமா இருக்குதே. சரி, ஏறி ஓட்டிக்கினு போ."

வேட்டியை மடித்துக் கட்டினேன். நான் ஏறினேன் என்று சொல்லமுடியாது. வண்டி என்னை ஏற்றிக்கொண்டது. வானம் ஒருமுறை பக்கவாட்டில் வந்து போயிற்று. அதிகாரியின் தண்ணீர்ப்பானையை உடைத்து, அவர் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தேன். வண்டி தனியாகக் கரும்புக்கொல்லைக்குள் புகுந்து படுத்துக்கொண்டது.

"ஆறு வருசமா இப்பிடித்தான் ஓட்டுறியா? வண்டி இங்கியே இருக்கட்டும்."

அவள் படிப்பை நானே கொல்லைக்குள் தள்ளிவிட்டேன்.

செங்கமலம் முன்னால் வந்தாள். "அய்யா, அது என் வண்டி. புதுசுதான். இஸ்கூலுக்குப் போவ வாங்குனது. சேறு அப்பா பூசுனது."

"நீ ஓட்டுவியா?"

அவள் வண்டியை நிமிர்த்தினாள். குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை வில்லாக வளைத்து, அரைப்பெடல் போட்டுக்கொண்டே புளியமரத்தை இரண்டு சுற்று வந்தாள். சேற்றுத் துளிகள் அவள் பின்னால் பறந்தன. நான் எழுதிய அத்தனை பக்கத்திலும் அப்படி ஒரு வரி இல்லை.

"எப்பம்மா கத்துக்கின?" என்று கேட்டேன்.

"மாமா வண்டில. அம்மாதான் பின்னாடி புடிச்சிக்கினு ஓடியாந்துது."

(என் மனைவி ஓடுவாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.)

அதிகாரி சிரித்தார். "புள்ள மொகத்துக்காக உடுறேன். வரியக் கட்டிட்டு எடுத்துக்கினு போ."

கையில் காசில்லை. வழியும் செங்கமலமே சொன்னாள்: "சின்ன வண்டி வெல கம்மிப்பா. மாத்திக்கினா மீதி வரும், அதுல கட்டலாம்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வில்லியனூருக்குத் திரும்பி நடந்தோம். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, கடை வாசலில் குந்திப் பெரிய வண்டியைக் கழுவினேன். "சங்கிலியவும் தொடைங்க, வேட்டி முனையால" என்றார் கடைக்காரர். பொழுது சாய்வதற்குள் சின்ன வண்டி, ரசீதோடு, வரி கட்டிச் சாவடியைக் கடந்தது. திங்கட்கிழமை காலை செங்கமலம் மணியடித்துக்கொண்டு போனாள். அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

இப்போது அவளிடம் பெரிய வண்டி, அவளே பார்த்து வாங்கியது. வில்லியனூருக்குப் போகவேண்டுமானால் நான் கேரியரில் உட்கார்ந்துகொள்வேன். அந்த அதிகாரிக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கேலியை விடுவதில்லை.

"பின்னாடி இருக்குற சரக்கு யாருதும்மா?"

"என்னோடதுதாங்க" என்பாள் செங்கமலம், பெடலை நிறுத்தாமல். "பழசு. வரி கெடையாது."