ஜெரேனியமும் இடம் மாறிய ‘ல்’லும்

மகாபலிபுரம்,
15-5-1956.

மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, ஓவர்சியர் அப்துல் கையூம் மனைவி சம்சாத் பேகம், பி.ஏ., மரியாதையுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் காரியாலயத்தில் உள்ளோரும் சுகம் என்று நம்புகிறேன். இவ்விடம் சுகமாயிருப்பது என் எட்டு மாத மகன் நூர்முகமது ஒருவன்தான். இந்தக் கடிதத்தை மூன்று வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்போது நான்கு தொட்டியும் உயிரோடிருந்தன.

என் வீட்டுக்காரர் தற்காலிக ஓவர்சியர். அவரை நிரந்தரமாக்கும் காகிதம் செங்கல்பட்டில் இஞ்சினியர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அந்த இஞ்சினியர் வீட்டம்மா சம்பூர்ணம் அம்மாள், ஊட்டியிலிருந்து கொண்டுவந்த நான்கு சிவப்பு ஜெரேனியம் தொட்டிகளைச் செங்கல்பட்டு வெயில் கொன்றுவிடும், உங்கள் ஊர்க் கடல் காற்று ஊட்டி மாதிரி ஜில்லென்றிருக்கும் என்று சொல்லி, ஜீப்பில் ஏற்றிவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் பெங்களூர் போனார்கள். "பி.ஏ. படிச்ச பொண்ணு, நாலு செடிய பாத்துக்க மாட்டியா" என்று என் கன்னத்தைத் தட்டினார்கள். வருகிற ஞாயிறு எடுத்துப்போக வருகிறார்கள்.

நான் படித்தது சரித்திரம், தாவரமல்ல. தங்கள் ஏப்ரல் இதழைத்தான் நம்பினேன். ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் தோட்டக்காரர் "ஜெரேனியம் ஒரு குழந்தை" என்று ஆரம்பிக்கிறார். பக்கத்திலேயே உங்கள் லேடி டாக்டர் "குழந்தை ஓர் இளந்தளிர்" என்று ஆரம்பிக்கிறார். இரண்டுக்கும் தொடர்ச்சி பின்னால். (அந்த இரண்டு தாள்களின் மூலையையும் நூர்முகமது சேர்த்து மென்றுவிட்டான். பக்க எண் போனதே தவிர எழுத்துக்குச் சேதமில்லை.)

தொடர்ச்சியில் "தளிரை" என்னென்ன செய்யச் சொல்லியிருந்ததோ அட்சரம் பிசகாமல் செய்தேன். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியிருந்தது, முதல் தொட்டிக்கு இலை இலையாகத் தடவினேன், சித்திரை வெயிலில் அப்பளமாய்ப் பொரிந்துபோயிற்று. மூன்று மணிக்கொருமுறை பார்லித் தண்ணீர் என்றிருந்தது, இரண்டாம் தொட்டிக்குக் கடிகாரம் பார்த்து ஊற்றினேன், தண்டு கறுத்துக் கொழகொழவென்று அழுகி, எறும்பு வந்து அடக்கம் செய்தது. "தொட்டிலை மெல்ல ஆட்டுக" என்றிருந்தது, அங்கே ஒரு ‘ல்’ அதிகம் என்று புரிந்துகொண்டு மூன்றாம் தொட்டியைத் தினம் அரைமணி ஆட்டினேன், வேரோடு கழன்று கையில் வந்துவிட்டது. நான்காவதை வெந்நீரில் குளிப்பாட்டி, ஃபிளானல் சுற்றி, சாம்பிராணி காட்டினேன். செடிக்குச் சாம்பிராணியா என்று எனக்கும் தோன்றாமலில்லை. ஆனால் ஊட்டிச் செடி, துரைமார் வளர்த்தது, அதற்கு என்னென்ன பழக்கமோ. தண்ணீர் இறைக்க வரும் கன்னியம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, செடிய புள்ள மாரி குளிப்பாட்டிகினு கீற, புள்ளய வெயில்ல போட்டுட்டு" என்றாள். படிக்காதவள், அவளுக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வாசலைக் கடக்கும்போது தொட்டிகளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

குறை சொல்லவே எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். லேடி டாக்டர் அம்மையாருக்கு என் நன்றி. காலை வெயில் காட்டி எட்டு மணிக்குமேல் நிழலில் வை என்றார்கள், வைத்தேன். அடியில் ஈரம் தங்கினால் அழுகும் என்றார்கள், நனைந்த துணியை உடனுக்குடன் மாற்றினேன். சும்மா சும்மா ஊற்றாதே, வறண்டபின் கொடு என்றார்கள், அழுதால் மட்டும் கொடுத்தேன். நுனிகளை அவ்வப்போது நறுக்கு என்றார்கள், நகம் வெட்டினேன். ஒரே பக்கம் சாயாதபடி "தொட்டியை" வாரம் கால் வட்டம் திருப்பு என்றார்கள், இங்கே ‘ல்’ விட்டுப்போயிருக்கிறது, அச்சுக்கோப்பவரைக் கண்டிக்கவும், தொட்டிலைத் திருப்பினேன். எடை ஒன்றரை பவுண்டு ஏறியிருப்பதாக மருத்துவச்சி சொன்னாள்.

ஆகவே, ஜெரேனியம் விஷயத்தில் தங்கள் தோட்டக்காரர் சொன்னது அத்தனையும் தப்பு என்று ஒரு வரி, முத்திரையிட்டு, இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பவும். ஞாயிறு காலைக்குள் வந்தால் சம்பூர்ணம் அம்மாளிடம் காட்டி என் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்வேன். தங்கள் இதழ் ஆயிரம் வீடுகளில் தழைக்க ஆண்டவனிடம் துஆ செய்யும்,

சம்சாத் பேகம்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை எடுத்த நேரத்தில் கன்னியம்மா தொட்டில் துணியை உதறினாள். காய்ந்துபோன காகிதத் துண்டு ஒன்று விழுந்தது. 41 என்றிருந்தது. தோட்டக்காரரின் தொடர்ச்சி 41ஆம் பக்கம் என்று ஒன்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. துண்டை இரண்டு தாளிலும் வைத்துப் பார்த்தேன். நூர்முகமதுவை நான் வளர்த்துக்கொண்டிருந்த தாளில் கச்சிதமாகப் பொருந்தியது. மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். முத்திரையும் வேண்டாம். மிச்சமிருந்த நான்காம் செடியில் பச்சையாயிருந்த நான்கு நுனிகளை, 41ஆம் பக்கத்தில் உள்ளபடி விரல் நீளம் நறுக்கி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டுப் பாலாற்று மணலில் ஊன்றப் போகிறேன். ஞாயிறன்று உண்மையைச் சொல்லி அவற்றைத்தான் காட்டுவேன். "நாலு குச்சிய காட்டி பர்மனென்ட் கேக்கறதா" என்கிறார் இவர்.

இன்னொன்று. அதே பக்கத்தில் "பூச்சி கண்டால் புகையிலைத் தண்ணீர்" என்றிருந்தது. பிள்ளை வயிற்றில் பூச்சி விழுந்தால் என்று நினைத்துப் புகையிலைகூட வாங்கி வைத்திருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான், பூச்சி விழவில்லை. நாளை முதல் அவனை லேடி டாக்டரின் பக்கத்துக்கு மாற்றலாம் என்றால் இவர் விடமாட்டேன் என்கிறார். மூன்று செடி செத்தது அந்தப் பக்கத்தால்தானாம்.