குடிபூரலன்று வீடு உருண்டது

குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறவன் பெயர், தொழில், விலாசம் மூன்றையும் முதலில் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், டோர்ட்மண்டில் பாதிப்பேர் எனக்குச் சொந்தக்காரர். தொழில், எஞ்சினியர். பாரம், சாய்வு, சமநிலை இவற்றைக் கணக்குப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் (கடைசிவரை வாசித்த பிறகு தயவுசெய்து என் கம்பனிக்கு யாரும் எழுதிப் போடாதீர்கள்). விலாசத்தில்தான் சிக்கல். எங்களுக்கு அது இல்லை.

நானும் என் மனைவி கௌசியும் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வோன்மொபிலில் குடியேறியிருந்தோம். ஏழு மீற்றர் நீளம். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம். இருவருக்கும் மடிக்கணினியில் வேலை என்பதால் ஒரு மாதம் மோசல் ஆற்றங்கரை, அடுத்த மாதம் வடகடல் ஓரம் என்று திரிந்தோம். கடிதங்கள் மட்டும் கௌசியின் தம்பி தர்ஷன் வீட்டுக்குப் போகும். இதைக் கேட்ட ஜெர்மன் நண்பர்கள் "என்ன சுதந்திரம்!" என்றார்கள். எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்தி, "வேலை போயிட்டுதோ?" என்றார்கள்.

மாமா, அதாவது கௌசியின் அப்பா, ஒன்றும் கேட்கவில்லை. செய்தியைச் சொன்ன அன்று இவ்வளவுதான் சொன்னார்:

"நாங்கள் வீடுவாசலை விட்டிட்டு வெளிக்கிட்டது விருப்பத்திலையோ, பிள்ளை? நீ விருப்பத்திலை வெளிக்கிடுறாய்."

மாமா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருந்தவர். பிற்காலத்தில் சொந்த வீடு வாங்கிய அன்று சுவரைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றாராம். அப்படிப்பட்ட மனிசனுக்கு, படித்த மகள் தானாகவே போய் நாலு சில்லு வைத்த பெட்டிக்குள் இருப்பது தாங்கமுடியவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் கௌசியோடு பேசவில்லை. அவள் போன் எடுத்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் மாமியிடம் கொடுத்துவிடுவார். கௌசி சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டு, போனை வைத்ததும் வெங்காயம் உரிக்கப் போவாள். வெங்காயம் முடிந்துபோன நாட்களிலும் கண் சிவந்துதான் இருக்கும்.

ஒருநாள் மாமி கூப்பிட்டுச் சொன்னார். "அப்பா வாறாராம். ஆனா முறைப்படி குடிபூரல் செய்தால்தான் உள்ளுக்கை கால் வைப்பாராம்."

கௌசி துள்ளிக் குதித்ததில் வண்டி ஆடியது. புதுவீட்டில் பால் பொங்கவைப்பதுதானே, அதிலென்ன கஷ்டம் என்று நானும் நினைத்தேன். ஐயருக்குப் போன் போட்டு நல்ல நேரம் கேட்டோம். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது வீடோ, வாகனமோ? வீடெண்டால் பால் காய்ச்ச வேணும். வாகனமெண்டால் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிக்க வேணும்."

மாமாவிடம் கேட்டோம். மாமி மூலமாகத்தான். பதில் ஒரே சொல்லில் வந்தது. "ரெண்டும்."

இடம், ரூர் ஆற்றோரமாக, இப்படியான வண்டிகள் தங்கும் ஒரு கேம்பிங். நல்ல நேரம், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பத்திலிருந்து ஒரு மணிவரை. கேம்பிங் வாசலில் ஒரு பலகை உண்டு: ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை மதிய அமைதி நேரம். அந்த இரண்டு மணித்தியாலமும் வாகனம் அசையக்கூடாது, குரல் உயரக்கூடாது. நல்ல நேரமும் சத்தம் போடும் நேரமும் ஒன்றாக முடிவது எனக்குக் கடவுளே போட்டுத்தந்த திட்டமாகத் தெரிந்தது (எஞ்சினியர்மார் இப்படி நினைக்கும் வேளைகளில்தான் பாலங்கள் விழுகின்றன).

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழியவேண்டும் என்று மாமிக்கு ஆசை. அதை அடுப்பின் இஷ்டத்துக்கு விடுவதா? வண்டியின் கதவு கிழக்கே பார்க்கும்படி நிறுத்தினேன். பிறகு மேற்குப் பக்கத்துச் சில்லுகள் இரண்டையும் பிளாஸ்டிக் ஆப்புகளின் மேல் ஏற்றினேன். மேடுபள்ளமான நிலத்தில் வண்டியை மட்டமாக நிறுத்துவதற்காகத்தான் உலகம் இந்த ஆப்புகளைக் கண்டுபிடித்தது. மட்டமாக நின்ற வண்டியைச் சரிப்பதற்கு அவற்றைப் பாவித்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். உள்ளே ஒரு தோடம்பழத்தை வைத்துப் பார்த்தேன். அழகாகக் கிழக்கே உருண்டது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

காஸ் எவ்வளவு இருக்கிறது என்று கௌசி கேட்டாள். போத்தலைக் குலுக்கிப் பார்த்து, "ஒரு கலியாணத்துக்கே காணும்" என்றேன்.

பதினொன்றரைக்கு வரச்சொன்ன சொந்தங்கள் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மூன்று காரில் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலை, வேட்டி சால்வை, குத்துவிளக்கு, நிறைகுடம், பலகாரம். அரைக்காற்சட்டையோடு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த கேம்பிங் முழுவதும் இடுக்கியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தது. நான் வண்டியின் வெயில் மறைப்பை இழுத்துவிட்டு அதில் தோரணம் கட்டியிருந்தேன். மாமா அதைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

வண்டிக்குள் பதினொரு பேர் ஏறினார்கள். ஏறிய எல்லோரும் கிழக்கே சாய்ந்துகொண்டு நின்றார்கள். "என்ன, வீடு ஒரு பக்கம் இழுக்குது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். மாமி கொண்டுவந்த புதுப்பானை மூன்று லீற்றர் பால் பிடிக்கும். கௌசி அடுப்பை மூட்டினாள். எல்லோரும் பாலைப் பார்த்தோம். பாலும் எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டு நாற்பத்தைந்து. கௌசி குனிந்து நெருப்பைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீலச் சுவாலை குத்துவிளக்கின் திரி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு கலியாணத்துக்குக் காணும் காஸ், ஒரு தேத்தண்ணிக்கும் காணாத நிலைக்கு வந்திருந்தது. பால் பொங்கவேண்டும், அதற்குப் பிறகு தேசிக்காய் நசியவேண்டும், எல்லாம் ஒரு மணிக்குள். நடக்காவிட்டால் மாமா அப்படியே இறங்கிப் போய்விடுவார். இன்னும் எத்தனை மாதம் வெங்காயம் உரிப்பதோ.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று ஏன்? இரண்டையும் சமகாலத்தில் செய்தால் என்ன? எஞ்சினைப் போடக்கூடத் தேவையில்லை. சில்லுகள் ஆப்பின் மேல் நிற்கின்றன, ஹாண்ட்பிரேக்கை விட்டால் அரை மீற்றர் பின்னால் உருளும், தேசிக்காய் நசியும். சத்தமில்லை, புகையில்லை. வெளியே நின்ற தர்ஷனைக் காதோடு காதாகக் கூப்பிட்டு, சில்லுகளுக்குப் பின்னால் தேசிக்காய் வைக்கச் சொன்னேன்.

"அத்தான், உள்ளுக்கை ஆக்கள் நிக்கினம். பாலும் நிக்குது."

"அரை மீற்றர்தானடா. ஒருத்தருக்கும் தெரியாது."

சாரதி ஆசனத்தில் ஏறி, பிள்ளையாரை நினைத்து, ஹாண்ட்பிரேக்கை விட்டேன்.

நான் கணக்கில் எடுக்காதவை சில இருந்தன. வண்டிக்குள் பதினொரு பேர். ஆப்பை விட்டு இறங்கியதும் மேற்குப் பக்கம் தொம்மென்று விழும் என்பது. மட்டமாகத் தெரிந்த புல்தரை ஈரம், பின்பக்கமாகச் சரிவும் உண்டு என்பது. வெயில் மறைப்பின் கால்கள் இரண்டும் நிலத்தில் அடித்த முளையோடு கட்டியிருக்கின்றன என்பது. மொத்தத்தில், எடுத்த ஒரே விஷயம் தேசிக்காய்.

தேசிக்காய் நன்றாகவே நசிந்தது. அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. வெயில் மறைப்பு தோரணத்தோடு சேர்ந்து மடங்கி விழுந்தது. மின்சாரக் கம்பி கழன்று பறந்தது. உள்ளேயிருந்து "ஐயோ முருகா" என்று ஒரே குரலில் பதினொரு பேர். பிரேக்கை மிதித்தேன். மிதித்துக்கொண்டே நாலு மீற்றர் வழுக்கிப்போய், இருபது வருடமாக அங்கே நிரந்தர இடம் வைத்திருக்கும் உர்சுலா என்ற அயல்வீட்டு அம்மாவின், மட்டம் பிடித்து வெட்டிய வேலிக்குள் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு நின்றோம்.

நான் இறங்கி ஓடிவர, கதவு திறந்தது. முதலில் வெறும் பானை வந்தது. அதற்குப் பின்னால் மாமா வந்தார். மூன்று லீற்றர் பாலும் கிழக்குக்கும் போகாமல் வடக்குக்கும் போகாமல் அவர்மேல் போயிருந்தது. தலையிலிருந்து வேட்டி நுனிவரை ஒழுகிக்கொண்டிருந்தது. (சூடு காணாத பால். என் வாழ்க்கையில் நான் விட்ட பிழைகளில், காஸ் போத்தலை மாற்றாதது ஒன்றுதான் நன்மையில் முடிந்தது.)

அந்த நிமிடம் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கௌசி படியில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாலு மாதம் காத்திருந்து வந்த ஒரே சந்தர்ப்பத்தை நான் அரை மீற்றரில் நாசமாக்கிவிட்டேன்.

உர்சுலா வந்தார். வேலியைப் பார்த்தார். பட்டுச் சேலைகளைப் பார்த்தார். நடுவில் சொட்டச் சொட்ட நின்ற மாமாவைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, ஒரு மணி ஆகிவிட்டதால் மிகவும் தணிந்த குரலில், "ஞானஸ்நானமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை, புதுவீடு புகுகிறோம்" என்றாள் கௌசி.

உர்சுலா வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "ஆனால் இது ஒரு வாகனம் அல்லவா?"

நான் வாய் திறக்குமுன் மாமா முன்னால் வந்தார். மூக்கு நுனியில் ஒரு துளி பால் தொங்கியது. தன்னுடைய தொழிற்சாலை ஜெர்மனில், ஒரு மணிக்குரிய தணிந்த குரலில், மிடுக்காகச் சொன்னார்:

"நைன். ஹவுஸ். மைன டொக்டர் ஹவுஸ்."

இல்லை. வீடு. என் மகளின் வீடு. நாலு மாதமாக எங்களிடம் சொல்ல மறுத்ததை ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டார். தான் மகளோடு சண்டை பிடிக்கலாம், வெளியாள் வந்து அவளுக்கு வீடில்லை என்று சொல்லக்கூடாது. கௌசி ஓடிப்போய் பாலோடு பாலாக அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்தமுறை வெங்காயத்தைச் சாட்டவில்லை.

உர்சுலா நல்ல மனிசி. தன் கணவரின் குளியல் அங்கியை மாமாவுக்குக் கொடுத்தார், தன்னுடைய அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல நேரம் முடிந்துவிட்டதே என்று பெரியம்மா இழுத்தார். "முதல் நெருப்பு மூட்டினது நல்ல நேரத்திலைதானே" என்று மாமி ஒரே போடாகப் போட்டார். மதிய அமைதி நேரம் என்பதால் தேவாரம் முழுவதும் கிசுகிசுப்பாகப் பாடப்பட்டது. பன்னிரண்டு பேர் அடித்தொண்டையில் பாட, பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது.

கடும் நீலநிற அங்கியோடு மாமா வண்டிக்குள் ஏறினார். ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மேசையருகே இருந்து பாலைக் குடித்து முடித்துவிட்டு, மகளிடம் கையை நீட்டினார்.

"என்ரை திறப்பு எங்கை?"

பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் ஒரு சாவி அவரிடம் இருக்கும். அது அவர் வழக்கம். கௌசி தன்னுடையதையே கழற்றிக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை முழுவதும் நான் உர்சுலாவின் வேலிக்குப் புதுக்கன்று நட்டேன். மட்டம் பிடிக்கும் பொறுப்பை மட்டும் அவர் எனக்குத் தரவில்லை.

இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் குடிபூரல் என்றாலும் எனக்குக் கண்டம்தான். சென்ற மாதம் தர்ஷன் போஹும் நகரில் மூன்றாம் மாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினான். கொங்கிரீட் கட்டடம், ஐம்பது வருடமாக அசையாமல் நிற்பது. நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்த மாமா, பற்றவைக்காமல் கூட்டத்துக்குள் என்னைத் தேடினார்.

"தம்பி, ஹாண்ட்பிரேக் போட்டாச்சோ?"

"போட்டாச்சு மாமா" என்றேன். நான் அதைச் சொன்னால்தான் இப்போதெல்லாம் அவர் அடுப்பை மூட்டுவார்.