மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை

எந்திரத்தோடு பழகியவனுக்கு எதையும் அதன் போக்கில் விட மனசு வராது. ஓசூரில் ஒரு கம்பெனியில் சைக்கிள் டைமை, அதாவது ஒரு பொருளை எந்திரம் செய்து முடிக்கும் நேரத்தை, குறைத்துக் குறைத்தே பேர் வாங்கியவன் நான். (அந்தப் பேருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதற்கு, நைட் ஷிப்டில் வெளிறிப்போன என் மூஞ்சிதான் காரணம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்ததாகத் தளியில் ஒரு பெண். போட்டோவிலேயே விழுந்துவிட்டேன். இதுவும் தப்பினால் ஜாதகத்தைப் பரணில் போட்டுவிடுவதாக அம்மா அறிவித்திருந்தார். அந்தப் பயத்தில், கூட வேலை பார்ப்பவன் சொன்ன வைட்டமின் பி3 மாத்திரையை மூக்கண்டப்பள்ளியில் வாங்கினேன். ரத்தம் ஓடி முகம் பளபளக்குமாம்.

“சாப்பிட்டுட்டு முழுசா முழுங்குங்க. மெதுவாத்தான் கரையும்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

மெதுவாகவா? என்னிடமா? டம்ளரால் நுணுக்கி, பாட்டில் தண்ணீரில் கலக்கி, தளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெறும் வயிற்றில் குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர வேண்டியதை ஒரே மடக்கில் சேர்த்த மேதாவி நான்.

பெண் காபித் தட்டோடு வந்தபோது உற்பத்தி தொடங்கியது. முதலில் காது சுட்டது. அப்புறம் முகம், கழுத்து, நெஞ்சு என்று மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்து சிவந்தது. கூடவே அரிப்பு. சட்டைக்குள் கைவிட்டுச் சொறிந்தேன். அம்மா தொடையைக் கிள்ளினார். அங்கேயும் அரித்ததால் இதமாகவே இருந்தது.

ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, வர்ற வழியில பார்டர் தாண்டிட்டு வந்தீங்களா?”

(கர்நாடகப் பக்கம் சரக்கு மலிவு. அதைத்தான் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.)

போச்சு, ஜாதகம் பரணுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே கழுத்தைச் சொறிந்தேன். அப்போது அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: “குடிச்ச மாதிரி தெரியலப்பா. வெக்கப்படறாரு போல.”

வீடே சிரித்தது. கழுத்துவரை வெட்கப்படும் ஆம்பளையை அந்த ஊர் பார்த்ததே இல்லையாம். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரைக் கதையைச் சொன்னேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமனார் மட்டும் நம்பவில்லை. வெட்கத்தை மறைக்கப் பொய் சொல்கிறேனாம். இன்றும் சொந்தத்தில் யார் பெண் பார்க்க வந்தாலும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எங்க மாப்ள அளவுக்கு வெக்கப்பட வேணாம் தம்பி, காபியக் குடிங்க” என்கிறார்.

எந்த மாத்திரையும் இல்லாமலே சிவந்துபோகிறேன்.