மறுப்பு வராவிட்டால் சம்மதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் இதழும், அதை மாதம் தவறாமல் அச்சடிக்கும் இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான், அப்பா, அம்மா, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், எல்லோரும் நலம். இதை மின்னஞ்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதில் ஒரு வாக்கியம் எழுதினால் இரண்டு வாக்கியம் அழிப்பது என் பழக்கம். பேனாவில் அழிக்கும் பொத்தான் கிடையாது என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டற்ற மென்பொருள் உலகத்துச் செய்திகளுக்கென்றே தாங்கள் நடத்தும் இதழில், சீட்டு அச்சடிக்கும் மென்பொருளுக்குப் "புதிய தலைவி" வந்திருப்பதாகச் செய்தி போட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே "அதிகம் பேசாத ஆளுமை" என்று தலையங்கம் வேறு. அதன் கடைசி வரியில், அந்த மென்பொருளின் உதவிக் கையேடு யாருக்கும் புரியவில்லை, விஷயம் தெரிந்த யாராவது திருத்தி எழுதக் கூடாதா என்றும் ஏங்கியிருந்தீர்கள். ஐயா, அந்தத் தலைவி நான்தான். ஆனால் நான் தலைவி இல்லை. தாங்கள் ஆளுமை என்று எழுதியதற்கு எங்கள் வீட்டில் பயம் என்று பெயர். அடுத்த இதழிலேயே மறுப்பு வெளியிட்டு என்னைக் காப்பாற்ற வேண்டும்.

நடந்தது இதுதான். எங்களுடையது லாண்டரிக் கடை. எந்தச் சட்டை யாருடையது என்று குத்தி வைக்கும் சீட்டை அச்சடிக்க, சும்மா கிடைக்கிறதே என்று அந்த மென்பொருளைப் போட்டேன். அது ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் ஒரு வெற்றுச் சீட்டைத் துப்பியது. "காலேஜ் படிச்ச பொண்ணு வீட்டுல இருக்கு, மிஷின் வெத்துச் சீட்டாத் துப்புது" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என் பட்டத்துக்குத்தான் இழுக்கு. கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம் அல்லவா? பார்த்தேன். ஒரு வரியை எடுத்தேன். துப்புவது நின்றது. செய்ததை, அந்த மென்பொருளுக்காக இணையத்தில் கூடியிருக்கும் குழுவுக்கு அனுப்பினேன். அதைப் பல வருடமாகப் பராமரித்துவந்த தாடிக்காரர் (படத்தில் தாடி மட்டும்தான் தெரியும்) "அருமை" என்று ஏற்றுக்கொண்டார். அத்தோடு நின்றிருக்கலாம். குழுவில் யாரோ ஒரு சந்தேகம் கேட்டார்கள். நேரில் என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எழுத்தில் என்றால் சரளமாக வரும். பதில் எழுதினேன். இன்னொருவர் கேட்டார், அவருக்கும் எழுதினேன். ஒரு நாள் தாடிக்காரர் குழுவுக்கு மடல் போட்டார்: "எனக்கு இரட்டைப் பேத்திகள் பிறந்திருக்கிறார்கள். இனி என் நேரமெல்லாம் அவர்களுக்கே. இந்தப் பெண் பொறுப்பேற்கட்டும். மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்வோம்." எங்கள் குழுவில் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். ஓட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. சும்மா இருந்தால் சரி என்று அர்த்தம்.

ஐயா, சும்மா இருப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மறுத்து எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது திமிராகத் தெரிந்தது. அடுத்தது அழுகிற மாதிரி இருந்தது. அதற்கடுத்ததை அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குடி மூணு நாளா கடுதாசி? எழுதுற, அழிக்கிற, பெருமூச்சு விடுற. பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்றாள். பையனே இல்லை என்று நிரூபித்து முடிப்பதற்குள் கெடு தீர்ந்துவிட்டது. "பேசாம இருந்தா சம்மதமா? நல்லா இருக்கே நியாயம்!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சிரிப்பு? நம்ம கல்யாணம் பேசினப்ப நானும் சும்மாதான் இருந்தேன். எனக்கும் மூணு நாள் கொடுத்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள் அம்மா. அப்பா சிரிப்பை நிறுத்தினார்.

அப்புறம் தங்கள் இதழ் வந்தது. அப்பா அதைக் கத்தரித்துக் கவுன்ட்டருக்கு மேலே ஒட்டிவிட்டார். சட்டை வாங்க வந்த பேங்க் கிளார்க், "அப்ப பொண்ணு கம்பெனி ஓனரா?" என்றார். "எல்லாரும் ஓனர்தான் சார்." "சம்பளம்?" "ஒருத்தருக்கும் கிடையாது." "அப்ப எதுக்கு வேலை செய்றாங்க?" அது அப்பாவுக்கும் தெரியாது, ஆனால் அவர் அசரவில்லை. "இப்படி வச்சுக்கங்க. நம்ம இஸ்திரிப் பெட்டியை யார் வேணா எடுத்துத் தேய்க்கலாம், கழட்டிப் பார்க்கலாம், அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சுக்கலாம். சட்டை கருகினா மட்டும் நம்மளைக் கேட்கக் கூடாது." கிளார்க் தன் சட்டையைப் பிரித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இதற்குள் குழுவில் போர் மூண்டது. ஒரு நூலகக்கார அம்மாள், "அந்த வெற்றுச் சீட்டில்தான் நாங்கள் கையால் அலமாரி எண் எழுதிவந்தோம். அதைத் தூக்கியது யார்?" என்று கேட்டார். பாதிக் குழு அவர் பக்கம். மீதிப் பாதி காகிதம் வீணாகிறது என்றது. தனிக்குடித்தனம் போய்விடுவேன் என்றார் அம்மாள். எங்கள் உலகத்தில் அதற்குப் பாத்திரம் பண்டம் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டையே, அதாவது மென்பொருளையே, நகல் எடுத்துக்கொண்டு போகலாம். என்னால் ஒரு குடும்பம் இரண்டாகப் போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சமாதானம் பேச இணையத்தில் கூட்டம் போட்டார்கள். "தலைவி சொல்லட்டும்" என்றார்கள். கடை மூலையில் உட்கார்ந்தபடி மைக்கைத் திறந்தேன். வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னால், துணியை மடித்துத் தருவதா ஹேங்கரில் மாட்டித் தருவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவியிடம் அந்த நேரம் பார்த்து அம்மா பொறுமை இழந்தாள்: "வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க, வேணாங்கிறவங்க விடுங்க! இதுக்குப் போய் குடும்பத்தைப் பிரிப்பாங்களா? சட்டுனு சொல்லுங்க, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு!"

மைக் திறந்தே இருந்தது. நூலகக்கார அம்மாள், "தலைவி சொல்றது நியாயம். டிக் போட ஒரு கட்டம் வைங்க. வேணுங்கிறவங்களுக்கு மட்டும் வெத்துச் சீட்டு வரட்டும்" என்றார். தாடிக்காரர், பேத்திகள் விழித்துவிடாமல், கிசுகிசுப்பாக "சபாஷ்" என்றார். என் குரலில் என்ன கம்பீரம் என்று இப்போது குழு முழுக்கப் பேச்சு. அம்மாவோ, "அடுத்த மீட்டிங் எப்ப?" என்று தலை வாரிக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஆகவே ஐயா, தலைவி நான் அல்ல, குரலும் என்னுடையது அல்ல என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். தங்கள் இல்லத்தாருக்கு என் அன்பு. தங்கள் சட்டைகள் என்றும் கசங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைவி அல்லாத,
லாண்டரிக் கடைக்காரர் மகள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நூலகக்கார அம்மாளிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் வைத்த கட்டத்தில் டிக் போட்டு அவர் எடுத்த முதல் வெற்றுச் சீட்டு. அதில் கையால் "நன்றி" என்று எழுதியிருந்தார். மனசு கேட்கவில்லை. நானே போனில் கூப்பிட்டு, அன்று கத்தியது என் அம்மா என்று சொல்லிவிட்டேன். "தெரியுமே! பின்னாடி நடந்த ஹேங்கர் சண்டையும் மைக்கில கேட்டுச்சு. எங்க தலைவி எதுக்கு ஹேங்கரைப் பத்திக் கவலைப்படணும்னு அப்பவே நினைச்சேன். நீயே இரும்மா. அம்மாவையும் கூட வச்சுக்கோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைக்கு யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து அப்பா இரண்டு டீ சொல்லிவிட்டார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மறுப்பு வேண்டாம். பொறுப்பை நானே வைத்துக்கொள்கிறேன்.

உதவிக் கையேட்டைப் பற்றித் தாங்கள் ஏங்கியிருந்தீர்கள் அல்லவா? அதைத் திருத்தி எழுதத் தங்கள் பெயரைக் குழுவில் இப்போதுதான் முன்மொழிந்தேன். வழக்கம்போல மூன்று நாள் கெடு. இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வர ஐந்து நாள் ஆகுமாம். பொறுப்பேற்றதற்கு வாழ்த்துகள், ஐயா.